சுரைக்கொடி நிழல்

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று முதல் எழுதி வைக்கப் போகிறேன். ஐஸ் கம்பெனிக்காரன் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி, ஒரு பக்கமும் தொடாமல் கிடந்தது. ஆயருக்கு மனு கொடுத்தால் முதலில் கேட்பது எப்போது, எங்கே, யார் பார்த்தது என்பதைத்தான். வாயால் சொன்னால், தொம்மை மச்சாது ஒரு சந்தேகப் பிராணி என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். தேதி போட்டு நீட்டினால் சிரிக்க முடியாது.

சந்தேகப் பிராணிதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. காலமெல்லாம் கரையில் மீன் ஏலம் விட்டவன் வேறு எப்படி இருப்பான்? மீனின் கண் பளபளக்கும், செதிள் மின்னும், செவுளைத் தூக்கினால் உள்ளே கறுத்துக் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. மனிதர்களும் அதில் அடக்கம்.

விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டத்துக்குள் இருந்த பழைய சிற்றாலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார் எங்கள் பங்குச்சாமி இனிகோ. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று மந்திரித்துத் திறப்பு. சாமி ரோமாபுரியில் சில வருடம் படித்துவிட்டு வந்தவர். அங்கே பூமிக்கு அடியில் இருக்கிற ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைப் படங்கள்தான் அவர் படித்த படிப்பாம். அதே மாதிரிப் படங்களை இங்கேயும் சுவரில் வரைய ஆள் கொண்டுவந்திருக்கிறார். ஊர்க் கமிட்டியில் நானும் ஒருவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்திருப்பது ஒரு பெண். கும்பகோணத்துக்காரி, பெயர் சௌந்தரவல்லி, நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு. நம் கல்லறைச் சுவருக்கு நம்மில் ஆளே கிடைக்கவில்லையா? மடியில் கனமில்லாதவர் எதற்கு இப்படிச் சத்தம் காட்டாமல் வேலையைத் தொடங்க வேண்டும்?

செப்டம்பர் 26, வியாழன்

ஏலம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். சுவரில் கரியால் கோடு போட்டிருக்கிறாள். ஒரு இளவட்டம், முழங்கால் வரைக்கும் சட்டை, தோளில் ஒரு கிடா.

"இது யாரும்மா?"

"இயேசு சாமிங்கய்யா. நல்ல மேய்ப்பர்."

"தாடி எங்க?"

"ஃபாதர் வேண்டாம்னுட்டாங்க."

பின்னாலேயே சாமி வந்துவிட்டார். "தொம்மை அண்ணாச்சி, ஆரம்பத்துல வரைஞ்ச படங்கள்ல அவருக்குத் தாடி கிடையாது. பிற்பாடுதான் முளைச்சது" என்று சிரித்தார். இந்த ஆடு சுமக்கிற ஆள் கிறிஸ்தவர்களுக்கு முந்தியே ரோமாபுரியில் இருந்தவனாம். இரக்கத்துக்கு அடையாளமாக அவனைக் கல்லறைகளில் செதுக்குவார்களாம்.

"நம்ம ஆட்கள் தனியா சிற்பி வெச்சுக்கல அண்ணாச்சி. எல்லாரும் போற பட்டறைக்குத்தான் போனாங்க. அங்க இருந்த உருவத்தையே வாங்கிட்டு வந்து, மனசுக்குள்ள வேற பேர் சொல்லிக் கும்பிட்டாங்க."

அதாவது, இரவல் சாமி. அவர் வாயாலேயே சொன்னார். இடம், சிற்றாலயம். சாட்சி, அந்தப் பெண்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று நங்கூரம். பூசை முடிந்து ஊரே நின்று பார்த்தது. மீன்காரர்கள் ஊரில் நங்கூரம் வரைந்தால் கூட்டத்துக்குக் கேட்பானேன்! வெளிப்படையாகச் சிலுவை போடாத அந்தக் காலத்தில் நங்கூரத்தைப் போட்டார்களாம். நம்பிக்கைக்கு அடையாளமாம். மேல்பக்கம் குறுக்குக் கம்பு இருப்பதால் தெரிந்தவனுக்கு அது சிலுவை, தெரியாதவனுக்கு வெறும் நங்கூரம்.

"சாமி, நம்ம நங்கூரத்துக்கு நாலு காலு. இது கப்பல் நங்கூரம்லா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா என்று தெரியவில்லை.

நங்கூரத்தைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். என் மகன் ரெமிஜியுஸின் படகு கிடைத்தபோது அதில் நங்கூரம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசிக் காற்றில் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகத் தூண்டிலுக்குப் போனவன். படகு கவிழ்ந்து தெற்கே ஒதுங்கியது. அவன் இன்னும் வரவில்லை. படகு கவிழ்ந்தால் எல்லாம் கொட்டிப்போகும், சரி. கட்டிய நங்கூரக் கயிறு தானாக அவிழுமா? எங்கேயோ நங்கூரம் போட்டிருக்கிறான், அங்கே ஆள் இறங்கியிருக்கிறான். இதை ஊருக்கே விளக்கிச் சொல்லியாகிவிட்டது. தலையை ஆட்டுகிறார்கள். நம்புகிற தலையாட்டல் இல்லை அது.

சேவியர் கொரேரா ஒருவன்தான் எனக்குச் சாதகமாகச் சொன்னவன். கப்பலில் வேலை பார்க்கிறான், எனக்கு மருமகன் முறை. ஏதோ ஒரு தீவுத் துறைமுகத்தில் தமிழ் பேசுகிற ஒருவனைத் தூரத்தில் கண்டதாகச் சொன்னான். புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். யோசித்து, இருந்தது என்றான். அது போதாதா?

படம் பார்த்துவிட்டு வரும்போது பிரகாசி ஆரம்பித்தாள். மனைவி என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது அதே கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

"இந்த வருசமாவது பேரு குடுப்பமா?"

கல்லறைத் திருநாள் பூசையில் ஊரில் இறந்துபோனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதில் ரெமியின் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தால் செத்தான் என்று பெற்றவனே ஒத்துக்கொண்ட மாதிரி. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் நடக்காது என்றேன். அவள் நடையை எட்டிப் போட்டாள். அந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

விளமீன் குழம்பு. தலையும் வாலும் எனக்கு. நடுத்துண்டு எங்கே?

அக்டோபர் 6, ஞாயிறு

நடுத்துண்டு போகிற இடம் தெரிந்துவிட்டது. பிரகாசி தூக்குச்சட்டியில் அந்தப் பெண்ணுக்குக் கொண்டுபோகிறாள். கேட்டால், "ஒத்தையில கெடந்து வேல செய்யுதா, கடைச் சோறு வயித்துக்குச் சேரல" என்கிறாள். இரக்கம் நல்லதுதான். ஆனால் அவள் சைவம் என்று கோயில் உபதேசியார் வீட்டில் பேசிக்கொண்டார்களே? ஒன்று உபதேசியார் வீடு பொய், அல்லது குழம்பு வேறெங்கோ போகிறது.

(பின்னர் சேர்த்தது: சைவம் இல்லை. கணவாய் மீனை விரும்பிச் சாப்பிடுகிறாளாம். உபதேசியார் வீட்டை இனி நம்பக் கூடாது.)

அக்டோபர் 8, செவ்வாய்

கமிட்டி கூடியது. காரணம், யோனா.

பெரிய சுவர் முழுக்க வேதாகமத்து யோனா தீர்க்கதரிசிதான். ஒரு பக்கம் கப்பல், அதிலிருந்து ஆளைக் கடலில் தள்ளுகிறார்கள். நடுவில் அவரை விழுங்கிக் கக்குகிற மீன். மீனா அது? நாய் மூஞ்சி, முயல் காது, மலைப்பாம்பு மாதிரிச் சுருண்ட உடம்பு. அப்படி ஒன்று எங்கள் கரையில் ஏறியிருந்தால் ஏலம் கேட்க ஆள் நின்றிருக்க மாட்டான். ரோமாபுரியில் கடல் பூதத்தை அப்படித்தான் வரைவார்களாம், பழைய கதைகளில் வருகிற பூதமாம்.

மூன்றாவது பக்கம்தான் வினை. கரையேறின யோனா ஒரு கொடிப் பந்தலுக்கு அடியில், ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்குகிறார். உடம்பில் பொட்டுத் துணி இல்லை.

கமிட்டித் தலைவர் சிலுவை மிராண்டா எழுந்து, "சாமி, பொம்பளைக முழங்கால் போடுத எடம். இடுப்புல ஒரு சாரமாவது கட்டி விடுங்க" என்றார்.

சாமி ஒளிக்காமல் சொன்னார். இதுவும் ரோமாபுரிக்காரர்களின் பழைய உருவமாம். நிலாத் தேவதை ஆசைப்பட்ட ஒரு அழகன், கிழடு தட்டாமல் என்றென்றைக்கும் தூங்கிக்கொண்டிருக்க வரம் வாங்கியவன். பணக்காரர்கள் தங்கள் கல் சவப்பெட்டிகளில் அவனைச் செதுக்கி வைத்தார்கள். கிறிஸ்தவர்கள் அந்தத் தூங்குகிறவனை அப்படியே எடுத்து யோனா ஆக்கிக்கொண்டார்களாம்.

"கடல் விழுங்கின ஆளு திரும்பக் கரையேறி நிழல்ல படுத்திருக்கான். செத்தவங்களுக்கு இளைப்பாற்றின்னு நாம செபிக்கிறோமே, அதுக்கு அவங்க கண்ட உருவம் இது" என்றார் சாமி.

என்னை நாலு பேர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் யோனாவுக்கு ஒரு கைலிச் சாரம் கட்டுவது என்று தீர்மானம் ஆனது.

அக்டோபர் 11, வெள்ளி

பிடித்துவிட்டேன்!

காலையில் வேதாகமத்தை எடுத்து யோனா ஆகமத்தை ஆதியோடு அந்தமாகப் படித்தேன். யோனாவுக்கு நிழல் கொடுக்க ஆண்டவர் முளைப்பித்தது ஆமணக்குச் செடி. அச்சில் இருக்கிறது. இவள் வரைந்திருப்பதோ சுரைக்கொடி! குடுவைச் சுரைக்காய் ஏழெட்டு தொங்குகிறது. புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டே போனேன்.

சாமி கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். "அண்ணாச்சி, பழைய மொழிபெயர்ப்புல சுரைக்கொடிதான். படம் வரைஞ்சவங்க அதப் படிச்சு வளர்ந்தவங்க. பின்னால ஒரு பெரிய அறிஞர் அது சுரை இல்லன்னு மாத்தி எழுதினார். ஆப்பிரிக்கா பக்கம் ஒரு ஊர்ல ஆயர் அதக் கோயில்ல வாசிச்சதும் சனங்க கலவரம் பண்ணிட்டாங்க. சுரைக்காயக் காணோம்னு."

"நெசமாவா?"

"நெசமா. எங்க யோனாவோட சுரைக்கொடியை எங்க கிட்ட குடுன்னு ஆயரை விரட்டாத குறை."

நானாயிருந்தாலும் விரட்டியிருப்பேன். வழக்கத்தை மாற்றினால் கேட்க ஆள் வேண்டும். ஆனால் இங்கே வழக்கம் ஆமணக்கு. மனுவில் இதுதான் முதல் குற்றம்.

யோனாவுக்குச் சாரம் கட்டியாகிவிட்டது. நீலத்தில் வெள்ளைக் கட்டம். எங்கேயோ பார்த்த சாரம்.

அக்டோபர் 12, சனி

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ரெமியின் துணிகள் அதில்தான் இருக்கின்றன, வந்தால் மாற்றுடை வேண்டுமே. நீலக் கட்டம் போட்ட சாரத்தைக் காணவில்லை. கட்டிக்கொண்டு போனது அதுவோ? எனக்கு ஞாபகம் இல்லை. பிரகாசியிடம் கேட்டால், "அலசப் போட்டிருக்கேன்" என்றாள். கொடியில் தேடினேன். கொடியில் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

படம் முடிகிற நிலையில் இருக்கிறது. யோனாவுக்கு முகம் மட்டும் இல்லை. தலைமுடி இருக்கிறது, கழுத்து இருக்கிறது, நடுவில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. மேய்ப்பருக்கும், பக்கத்தில் கை விரித்துச் செபிப்பதாக வரைந்த ஒரு பெண்ணுக்கும் எப்போதோ முகம் வந்துவிட்டது. இவருக்கு மட்டும் ஏன் இல்லை?

சௌந்தரவல்லி தூரிகையைக் கழுவிக்கொண்டே, "ஃபாதர்தாங்கய்யா விடச் சொன்னாங்க. அவங்க கிட்டயே கேளுங்க" என்றாள்.

கேட்டேன். ரோமாபுரிப் பட்டறைகளில் சவப்பெட்டியை முன்கூட்டியே செதுக்கி வைத்துவிடுவார்களாம். ஆடு, மரம், மனிதர்கள் எல்லாம் முடிந்திருக்கும். ஒரே ஒரு ஆளின் முகத்தை மட்டும் கொத்தாமல் கரடாக விட்டுவைப்பார்களாம். பெட்டியை வாங்குகிற வீட்டார் வந்து, இறந்தவரின் சாயலைச் சொன்ன பிறகுதான் அந்த முகத்தைச் செதுக்குவார்களாம். சில வீட்டார் வரவே மாட்டார்கள். அந்த முகங்கள் இன்றைக்கும் கரட்டுக் கல்லாகவே இருக்கின்றனவாம்.

"இங்க யாரு வீட்டார் வரப் போறாவ சாமி?"

சாமி என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தோளைத் தொடுகிறவனை நான் கரையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

சிலுவை மிராண்டாவின் முகம்தான். வேறு யாராக இருக்கும்? சிமெண்டு முழுக்க அவர் உபயம். இன்றைக்குக் கரையில் அவரை நன்றாகப் பார்த்தேன். மூன்று மடிப்பு நாடியோடு யோனா தூங்கினால் மீனுக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

சிலுவை மிராண்டா இல்லை. வேறு என்னமோ நடக்கிறது.

இன்று கரையிலிருந்து பிரகாசியின் போனுக்கு அடித்தபடியே இருந்தேன், அவள் எடுக்கவில்லை. வந்து தேடினால் வீட்டில் போனே இல்லை. அந்தப் போன் ரெமி வாங்கிக் கொடுத்தது. அவன் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை அவள் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாள். அந்தப் போனை யாரிடம் கொடுத்திருக்கிறாள்?

மத்தியானம் அவள் பின்னாலேயே போனேன். கல்லறைத் தோட்டத்துக்குள் நான் பல காலம் கால் வைக்காமல் இருந்தேன், இந்தப் படங்கள் வந்த பிறகுதான் போகிறேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரகாசியின் குரல் கேட்டது. "மூக்கு இம்புட்டு நீளம் இல்லம்மா. எங்க மாமியா மூக்கு அவனுக்கு."

நான் கதவைத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. மனுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஏலத்தில் பாறை மீனை ஊளி மீன் என்று கூவிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 23, புதன்

கேட்டுவிட்டேன். சோறு போடும்போதே கேட்டேன்.

"ஏளா, அந்த யோனாவுக்கு யார் மொகம்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நான்தான் கேட்டேன். சாமி முடியாதுன்னுட்டாவ. அண்ணாச்சி சம்மதிக்காம மொகம் எழுத மாட்டேன்னு சொல்லிட்டாவ. அந்தப் பிள்ளைதான் எனக்காண்டித் தாள்ல வரைஞ்சு வரைஞ்சு பாக்கா."

"உயிரோட இருக்கவனக் கல்லறைச் செவுத்துல ஏத்துதியா நீ?"

"உயிரோட இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"நங்கூரம்…"

"நங்கூரம், நங்கூரம்! மூணு வருசமா அதத்தான் சொல்லுதீய." அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கல்லறைத் திருநாளுக்கு ஊரு பூரா அவுகவுக வீட்டுக் குழியில பூப்போட்டு மெழுகுதிரி பொருத்துதாவ. நான் வாங்கின மெழுகுதிரியக் கையில வச்சிக்கிட்டு, அடுத்தவ பிள்ள குழிப் பக்கம் நின்னுட்டு வாரேன். எனக்கு ஒரு எடம் வேணும். குழிதான் குடுத்து வைக்கல. ஒரு செவுராவது குடுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுக் கரைக்குப் போய்விட்டேன். அங்கே படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்றன.

அக்டோபர் 25, வெள்ளி

மனு எழுதத் தொடங்கினேன். பெருமதிப்புக்குரிய ஆயர் அவர்களுக்கு என்பதற்கு மேல் ஓடவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக்காக சௌந்தரவல்லி நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாள். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

ஐந்து நாளாகப் பிரகாசி என்னோடு பேசவில்லை. இன்று சாயங்காலம் பேசினாள். "செவுத்துல கரியில மட்டும் போட்டிருக்கு. நான்தான் போடச் சொன்னேன், சாமிய மீறித்தான். நாளைக்கு ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னா நானே என் கையால அழிக்கேன். அதுக்குப் பெறவு பேரும் கேக்க மாட்டேன், மொகமும் கேக்க மாட்டேன்."

வீட்டுச் சுவருக்கு அடிக்க வாங்கின சுண்ணாம்பு மீதி இருக்கிறது. கரைத்து வைத்துவிட்டேன். அவள் அழிப்பாள் என்று என்ன நிச்சயம்?

அக்டோபர் 29, செவ்வாய்

சுண்ணாம்பு வாளியோடுதான் போனேன். அதை மறைக்கப் போவதில்லை.

சாமி வாசலில் நின்றார். சௌந்தரவல்லி ஏணியிலிருந்து இறங்கி ஓரமாக நின்றாள். பிரகாசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

அவன் தூங்குகிறான். ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டு, வாய் லேசாகத் திறந்து, நீலச் சாரம் கட்டிக்கொண்டு தூங்குகிறான். கடலுக்குப் போய்விட்டு வந்தால் வீட்டுக்குப் பின்னால் இப்படித்தான் படுத்துக் கிடப்பான். சோறு ஆறிப்போகும், எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டான். என் அம்மாவின் மூக்கு. என் காது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது, திரும்பவில்லை.

பிறகு கிட்டப் போனேன். எதையும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

"இது தப்பு" என்றேன்.

பிரகாசி, "சரி" என்றாள். அழிக்கிற துணியை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

"தழும்பு தப்புன்னு சொல்லுதேன். வலப் புருவத்துல போட்டிருக்கு. அவனுக்கு எடப் புருவம்லா? ஏழு வயசுல படகு முன்பக்க அணியத்துல இடிச்சு, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இந்தா, இந்தத் தோள்ல அவன் தலையச் சாய்ச்சிருந்தான், ரத்தம் என் பக்கம்தான் வடிஞ்சுது. எனக்குத் தெரியாதா?"

சௌந்தரவல்லி போனை எடுத்துப் பார்த்தாள். "ஐயா, தம்பி தன்னைத்தானே புடிச்ச படம் இது. சில போன்ல அப்படி எடுத்தா கண்ணாடியில பார்க்கிற மாதிரி வலது இடதா மாறிடும். நான் யோசிக்கல, மன்னிச்சுக்கோங்க."

"அவன் அம்மா சொல்லலியா?" என்றேன்.

பிரகாசி சுவரைப் பார்த்தாள். "நான் அந்தப் படத்தத்தான தினமும் பாத்தேன்" என்றாள். "அதுல அப்பிடித்தான இருந்துச்சு." சொல்லிவிட்டு, சத்தமாக அழத் தொடங்கினாள். மகனின் தழும்பு எந்தப் பக்கம் என்று மறந்துபோன அழுகை அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழிச்சிட்டு எடப்பக்கம் போடும்மா" என்றேன். "கொஞ்சம் சாய்ச்சு. முடி முளைக்காது அங்ஙன."

சாமி மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, வர்ணம் குடுக்கலாமா?"

"தழும்பச் சரி பண்ணிட்டு" என்றேன். வெளியே வந்து யாருடைய கல்லறை மேலேயோ உட்கார்ந்தேன். உள்ளே சௌந்தரவல்லி தழும்பைத் தேய்த்து அழிக்கிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 30, புதன்

சேவியர் விடுப்பில் வந்திருக்கிறான். வலைக் கொட்டகையில் பிடித்தேன்.

அன்றைக்கு இவனிடம் தழும்பு இருந்ததா என்று கேட்டேனே தவிர, எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கரையில் ஒரு கூடைச் சாளை மீனைக்கூட நான் அப்படி வாங்கியதில்லை.

"ஏல மருமவனே, அந்தத் தீவுல பாத்தியே, தழும்பு எந்தப் புருவத்துல?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். வலது என்று சொல்ல வாயெடுத்து, இடது என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமா, நான் ஒரு ஆளப் பாத்தது நெசம். ரொம்பத் தூரம். தமிழ்ல கத்துன மாதிரி இருந்திச்சு. தழும்பு இருந்திச்சான்னு நீங்க கேட்டப்ப, ஒங்க மொகத்தப் பாத்து எனக்கு இல்லன்னு சொல்ல வரல."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை, நான் இரண்டையும் குடித்தேன்.

சௌந்தரவல்லி காலை பஸ்ஸில் போய்விட்டாள். பிரகாசி கருவாடு கட்டிக் கொடுத்தாள். போகிற போக்கில் நங்கூரத்தையும் நாலு கால் நங்கூரமாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். நான் கேட்டது ஒரு மாதத்துக்கு முன்னால். ஞாபகம் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி.

நவம்பர் 1, வெள்ளி

பெயரைக் கொடுக்க நானே போனேன். பிரகாசி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உபதேசியார் எழுதிக்கொண்டார். மச்சாது ரெமிஜியுஸ் என்று எழுதினார். ரெமிஜியுஸ் மச்சாது என்று மாற்றி எழுத வைத்தேன். உபதேசியார் வீட்டை நம்பக் கூடாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 2, சனி

காலையிலேயே தூறல். பூசை நேரத்தில் விட்டுவிட்டது. சாமி சிற்றாலயத்தை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். பெயர்களை வாசித்தார்கள். அவன் பெயர் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வந்தது. எல்லோரும் சேர்ந்து இளைப்பாற்றி மன்றாட்டுச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு பிரகாசி சுவருக்குக் கீழே மெழுகுதிரியைப் பொருத்தினாள். அவளுக்கு இப்போது ஒரு இடம் இருக்கிறது. மெழுகுதிரி இரண்டு முறை அணைந்தது. கடைக்காரன் திரியில் கலப்படம் செய்கிறான், நாளைக்குக் கேட்க வேண்டும். மூன்றாவது முறை நான் கையை அணைவாக வைத்துப் பிடித்தேன், நின்று எரிந்தது.

நங்கூரம் எங்கே போனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், யாரும் தடுக்க முடியாது.

கிளம்பும்போது சாமி பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, அந்தச் சுரைக்கொடி ஒங்களுக்கு உறுத்திக்கிட்டே இருந்தா, அந்தம்மா பொங்கலுக்கு வரும்போது ஆமணக்கா மாத்தச் சொல்லலாம். வேதத்துல உள்ளபடி."

திரும்பிப் பார்த்தேன். பந்தல் நிறைய இலை, நல்ல அகல இலை. தூங்குகிறவனின் தலையிலிருந்து கால் வரைக்கும் நிழல் விழுந்திருந்தது.

"வேண்டாம் சாமி" என்றேன். "ஆமணக்கு நெழலு ஒரு ஆளுக்குப் பத்தாது."